குருவின் குரு: கிராமத்திடம் கற்றுக்கொண்ட ஜே.சி. குமரப்பா



துறையூரில் இன்று குடியிருக்கும் நம்மில் பலர் இந்த மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். வங்கி வேலை, ஆசிரியர் பணி, அரசு அலுவலகம், ஊழியம் என ஏதோ ஒரு மாற்றல் உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள். சில ஆண்டுகள் இருந்துவிட்டு வேறோர் ஊருக்குச் செல்லப் போகிறவர்கள். பச்சைமலை அடிவாரத்துக் காடுகளில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைவதை நாம் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்க்கிறோம். ஆராதனையில் நம் பக்கத்தில் அமர்ந்திருக்கும் விவசாயியின் பெயர் நமக்குத் தெரியும். ஆனால் இந்தப் பட்டத்தில் அவர் என்ன விதைத்தார், விதைக்கு எவ்வளவு செலவழித்தார், கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டால் நம்மிடம் பதில் இராது.

அயலூரிலிருந்து வந்த ஒருவன் ஒரு கிராமத்தை எவ்விதம் நேசிக்க வேண்டும்? பரிவோடு பார்ப்பது போதுமா? அறிவுரை சொல்வது போதுமா? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாள் முழுவதையும் பதிலாகக் கொடுத்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவரின் வரலாற்றை இவ்வாரம் தியானிப்போம். நம் அண்டைச் சீமையான தஞ்சாவூரில் பிறந்தும், நம் சபைகளில் அதிகம் பேசப்படாத மனிதர் அவர். அவர்தான் ஜே.சி. குமரப்பா.

நகரத்தில் உருவான மனிதர்

1892 ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். தகப்பனார் பொதுப்பணித் துறையில் அலுவலர். நல்ல வசதியும் ஒழுக்கமும் ஆங்கிலக் கல்வியும் உள்ள குடும்பம். செல்லதுரை இங்கிலாந்து சென்று லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றார். பின்பு பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். மேல்நாட்டு உடையும் மேல்நாட்டுப் பழக்கமும் அவருக்கு இயல்பாக அமைந்திருந்தன. வயலும் வரப்பும் அவருடைய உலகத்தில் இடம் பெற்றிருக்கவில்லை.

1927-இல் அமெரிக்கா சென்று சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்றார். அதன்பின் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் கற்றார். அக்காலத்தில் ஒரு திருச்சபையில் உரையாற்றும்படி அவரை அழைத்தார்கள். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். அந்த உரையைப் பற்றிய செய்தி நாளிதழில் வெளிவந்தது. அதைக் கண்ட அவருடைய பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி ஆலோசனை கூறினார். கணக்குப் புத்தகங்களைத் தணிக்கை செய்து பழகிய கண்கள் இப்போது ஒரு தேசத்தின் வரவு செலவைப் படிக்கத் தொடங்கின. வரி யாரிடமிருந்து வருகிறது, யாருக்காகச் செலவாகிறது என்று பார்த்தபோது, அந்தக் கணக்கின் அடியில் நின்றவன் இந்திய உழவன் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. தம் முன்னோரின் பெயராகிய குமரப்பா என்பதை அவர் மீண்டும் ஏற்றுக்கொண்டதும் இந்த நாட்களை ஒட்டியே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உழவனைப் பற்றிய உண்மை அவருக்கு முதலில் காகிதத்தில்தான் கிடைத்தது. அவனுடைய வீட்டுத் திண்ணையில் அவர் இன்னும் உட்காரவில்லை.

தரையில் உட்கார்ந்த நாள்

1929 மே 9-ஆம் நாள், தம் ஆய்வுக் கட்டுரையைக் காந்தியடிகளிடம் காட்டும்பொருட்டு குமரப்பா சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில், முதியவர் ஒருவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இராட்டை சுழல்வதை அதற்குமுன் பார்த்திராத குமரப்பா, கைத்தடியை ஊன்றியபடி சில நிமிடங்கள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் அந்த முதியவரே காந்தியடிகள் என்று அறிந்தார். உடனே தம்முடைய பட்டு உடையோடு அந்தத் தரையிலேயே அமர்ந்துகொண்டார். யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்தபோதும் அதை அவர் ஏற்கவில்லை.

காந்தியடிகள் கட்டுரையைப் பாராட்டியதோடு நில்லாமல் அவரிடம் ஒரு வேலையையும் ஒப்படைக்க விரும்பினார். குஜராத்தில் கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தின் கிராமங்களுக்குச் சென்று மக்களின் பொருளாதார நிலையை ஆராய வேண்டும் என்பதே அந்த வேலை. குமரப்பாவுக்குக் குஜராத்தி மொழி தெரியாது. கிராம வாழ்க்கையும் பழக்கமில்லை. ஆயினும் குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைத் துணையாகக் கொண்டு அவர் புறப்பட்டார்.

ஒவ்வொரு வீட்டிலும் வருமானம் எவ்வளவு, நிலவரி எவ்வளவு, கடன் எவ்வளவு, உண்பது என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். 1931-இல் அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது. உழவன் சோம்பேறி, அதனால் அவன் ஏழை என்ற பேச்சு அக்காலத்தில் மிகுதி. அத்தகைய பேச்சுக்கு வீடு வீடாக எடுத்த கணக்கைக்கொண்டு பதில் சொன்னது அந்த நூல். உழைப்புக்கு ஈடான பலன் உழவன் கையில் தங்கவில்லை என்பதையும், அவன் தாங்கக்கூடியதைவிட மிகுதியான சுமை அவன்மேல் ஏற்றப்பட்டிருந்தது என்பதையும் அது எடுத்துக்காட்டியது.

படித்தவர் ஒருவர் கிராமத்துக்குச் சென்றால் வழக்கமாக அவர் பேசுவார், கிராமத்தார் கேட்பார்கள். மாத்தர் வட்டத்தில் அது தலைகீழாயிற்று. அந்நியமான மொழி பேசும் ஊரில், கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. குஜராத்தி அறியாத குறைவையும் கர்த்தர் நன்மையாக மாற்றினார் என்றே நான் எண்ணுகிறேன்.

ஊழிய வரலாற்றில் இதற்கு இணையான இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1903-இல் இந்தியா வந்த சாம் ஹிக்கின்பாட்டம் என்ற மிஷனரி, அலகாபாத் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தார். தம்மைச் சுற்றியுள்ள உழவர்களின் வறுமையைக் கண்டபோது, பயிர்த்தொழில் அறியாமல் இம்மக்களிடையே ஊழியம் செய்ய முடியாது என்று உணர்ந்தார். மீண்டும் அமெரிக்கா சென்று மாணவராக அமர்ந்து வேளாண்மை கற்றுத் திரும்பினார். அலகாபாத் வேளாண்மைக் கல்வி நிலையம் அவர் முயற்சியால் எழுந்தது. இருவரும் வெவ்வேறு வழியில் சென்றவர்கள். ஆனால், கிராமத்தாருக்குச் சொல்வதற்கு முன் தாங்கள் கற்க வேண்டும் என்று கண்டுகொண்டதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள்.

செக்கும் உரலும் தேனீயும்

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியபின் குமரப்பா ‘யங் இந்தியா’ இதழின் பொறுப்பை ஏற்றார். அதன் பலனாகச் சிறை சென்றார். 1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தபோது, நிவாரண நிதியின் கணக்குகளைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஊழியர்களின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா மட்டுமே என்று அவர் வரையறுத்தார் என்பார்கள். காந்தியடிகளும் உடன் வந்தவர்களும் அங்கே வந்தபோது, அவர்களுடைய செலவையும் நிவாரண நிதியில் எழுத இயலாது என்று சொல்லிவிட்டாராம். துன்பப்படுகிறவர்களுக்காக வந்த காசு துன்பப்படுகிறவர்களுக்கே சேர வேண்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு. காணிக்கைப் பணத்தைக் கையாளுகிற நம் சபைக் குழுக்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

அதே 1934-இன் இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் உருவாயிற்று. வார்தாவிலுள்ள மகன்வாடி அதன் இருப்பிடம். குமரப்பா அதன் செயலாளர். லண்டனிலும் நியூயார்க்கிலும் பயின்றவர் இப்போது நெல் குத்தும் உரலையும் எண்ணெய்ச் செக்கையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆலையில் தீட்டிய அரிசி வெண்மையாக இருக்கிறது. ஆனால் உடலுக்கு வேண்டிய சத்து தவிட்டோடு போய்விடுகிறது. கிராமத்துப் பெண்களுக்கு நெல் குத்துவதில் கிடைத்த கூலியும் அதோடு போய்விடுகிறது. இரண்டு இழப்பையும் சேர்த்தே அவர் கணக்கிட்டார். காகிதம் செய்தல், தேனீ வளர்த்தல், பனைவெல்லம் காய்ச்சுதல், தாவர எண்ணெயில் எரியும் விளக்கு என்று அங்கே நடந்த ஒவ்வொரு முயற்சியும், கிராமத்தானிடம் ஏற்கெனவே இருக்கிற அறிவைச் செம்மைப்படுத்தும் முயற்சியாகவே இருந்தது.

பழைமை அனைத்தும் நல்லது என்று அவர் கருதியதாக யாரும் எண்ண வேண்டாம். கிராமத்தைத் தூரத்திலிருந்து புகழ்வது எளிது. நிலமில்லாதவனுடைய குடிசையின் உள்ளே சென்று பார்த்தவனுக்கு அந்தப் புகழ்ச்சி வாயில் வராது. 1948-இல் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். 1949-இல் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. உழுகிறவனுக்கும் அரசுக்கும் இடையே நின்று பலனை உறிஞ்சும் இடைத்தரகர் அனைவரும் நீக்கப்பட வேண்டும், உழுகிறவனுக்கே நிலம் உரியதாக வேண்டும், ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று அது வற்புறுத்தியது. கிராமத்தை நேசித்தவர், கிராமத்திலிருந்த அநீதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். உண்மையான அன்புக்கு இரண்டும் தேவை.

சிறையில் எழுதிய இரண்டு நூல்கள்

1942-இன் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தையொட்டி அவர் மீண்டும் சிறைப்பட்டார். ஜபல்பூர் சிறையில் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. மற்றது இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. இரண்டும் 1945-இல் வெளிவந்தன. பொருளாதாரத்துக்கும் சுவிசேஷத்துக்கும் அவர் தனித்தனி அறைகள் கட்டவில்லை. ஒரே சிறைக்கூடத்தில், ஒரே மனத்திலிருந்து இரண்டும் பிறந்தன.

முதல் நூலில் அவர் இயற்கையைப் பார்த்து ஐந்து வகை வாழ்க்கையைக் கூறுகிறார். பிற உயிரைக் கொன்று பிழைக்கிற புலி முதலாவது. நட்டு வளர்க்காத மாந்தோப்பில் புகுந்து கனிகளைப் பறித்துக்கொண்டு போகிற குரங்கு இரண்டாவது. தன் உழைப்பால் தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும் பறவை மூன்றாவது. தனக்கென்று வையாமல் கூட்டத்துக்கென்று தேன் சேர்க்கும் தேனீ நான்காவது. கைம்மாறு கருதாமல் குழந்தையைப் பேணுகிற தாய் ஐந்தாவது. மனித சமுதாயம் புலியின் நிலையிலிருந்து தாயின் நிலைக்கு உயர வேண்டும் என்பதே அவர் வாதம்.

சபையாரே, இந்த ஐந்து படிகளில் நாம் எங்கே நிற்கிறோம்? கிலோ வெங்காயம் மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்து வீடு திரும்பும் நாளில், அதை விளைவித்தவருக்கு அறுவடைக் கூலியாவது மிஞ்சியதா என்று நாம் கேட்பதில்லை. நாம் நடாத தோப்பின் கனியை அல்லவா அன்று கொண்டு வருகிறோம்?

கல்லுப்பட்டிக் குடிசை

தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளைக் குமரப்பா மதுரைப் பக்கத்திலுள்ள தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். தலைநகரத்தில் பதவி தேடிப் போயிருக்கக்கூடியவர், உடல் நலிந்த காலத்தில் ஒரு தமிழ்க் கிராமத்தையே தமக்கு வீடாகத் தேர்ந்துகொண்டார். அங்கே அவரைக் கண்டவர்கள் வழியாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. அவருடைய இருப்பிடத்தில் காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழைக் கிராமத்தானின் படமும் இருந்ததாம். காந்தியடிகளைத் தம் குரு என்று சுட்டிக்காட்டியவர், அந்த ஏழையைத் தம் குருவின் குரு என்று சொன்னாராம்.

1960 ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவர் இம்மையைக் கடந்தார்.

குருவின் குரு என்ற அந்தச் சொல்லை நான் பலமுறை எண்ணிப் பார்க்கிறேன். உதவி பெறுகிறவன் என்றோ, முன்னேற்றப்பட வேண்டியவன் என்றோ அவர் உழவனுக்குப் பெயரிடவில்லை. தமக்குக் கற்பித்தவன் என்று பெயரிட்டார். மூன்று நாடுகளில் பயின்ற கல்வியைக் கீழே வைத்துவிட்டு அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கல்வி முழுவதையும் கையில் ஏந்திக்கொண்டே சொன்னார்.

உழவனுக்கு ஆசிரியர் யார்?

ஏசாயா தீர்க்கதரிசியின் 28-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை வீட்டில் எடுத்து வாசியுங்கள். ராஜாக்களுக்கும் ஆசாரியர்களுக்கும் கடுமையாகப் பேசிக்கொண்டு வந்த தீர்க்கதரிசி, திடீரென்று ஓர் உழவனின் வயலுக்குள் இறங்குகிறார். உழுகிறவன் எந்நாளும் உழுதுகொண்டேயிருக்கிறானா என்று கேட்கிறார். நிலம் சமமானபின் எந்த விதையை எங்கே தூவ வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். எந்தத் தானியத்தை உருளையால் போரடிக்க வேண்டும், எதைக் கோலால் மெல்லத் தட்ட வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். சீரகத்தின்மேல் வண்டியை ஓட்டினால் ஒன்றும் மிஞ்சாது. இந்த விவேகத்தை அவனுக்குப் போதித்தவர் தேவனே என்று அந்தப் பகுதி முடிகிறது.

இறையியல் கல்லூரியில் எனக்குக் கற்பித்தவர்கள் உண்டு, அவர்களுக்கு நன்றியுள்ளவனாயிருக்கிறேன். ஆனால் வேதம் சொல்வதைப் பாருங்கள்: ஆடிப்பட்டத்தில் மேகத்தைப் பார்த்து விதையை எடுக்கிறவருக்கும், வெங்காயத்தைப் பட்டறையில் சேர்த்துக் காற்றோட்டம் பார்த்து வைக்கிறவருக்கும், பச்சைமலையின் சரிவில் மரவள்ளிக்கு மண் அணைக்கிறவருக்கும் கர்த்தரே ஆசிரியராக இருக்கிறார். அப்படியானால் நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவர் படிக்காதவர் அல்லர். வேறொரு பள்ளியில் படித்தவர். நம் ஆண்டவரும் தம்முடைய பிதாவை ஒரு திராட்சத்தோட்டக்காரராகவே யோவான் 15-இல் காட்டுகிறார்.

அதே வேதம் கூலியைப் பற்றியும் பேசுகிறது. யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தின்படி, வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது. அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளுக்கு எட்டுகிறது. சிறிது கீழே வந்தால், மழைக்காக நீடிய பொறுமையோடு காத்திருக்கும் பயிரிடுகிறவனை விசுவாசிக்கு முன்மாதிரியாக அதே அதிகாரம் நிறுத்துகிறது. உழவனிடம் பொறுமையைக் கற்றுக்கொண்டு, அவனுக்கு உரிய கூலியை மறுப்பது வேதத்தைப் பாதி வாசிப்பதாகும். களை எடுக்கவும் வெங்காயம் பிடுங்கவும் விடியுமுன் வண்டியேறிப் போகும் சகோதரிகளும் அந்த அறுக்கிறவர்களின் வரிசையில் நிற்கிறவர்களே.

நம் சபையில் மழைக்காக ஜெபிக்கிறோம். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காகவும், வெளிநாடு செல்ல விசாவுக்குக் காத்திருப்பவர்களுக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம். விளைந்த பொருளுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்று ஜெபிப்பது அரிது. மழை பெய்து, விளைச்சலும் பெருகி, விலை வீழ்ந்ததால் கடனாளியான குடும்பங்கள் நம் நடுவில் உண்டு. அவர்கள் தங்கள் பாரத்தைச் சபையில் சொல்வதில்லை; சொன்னால் புரியுமோ என்ற தயக்கம். அவர்களுடைய பிள்ளைகள் சிலர், தகப்பனாரின் தொழில் என்ன என்று கேட்டால் தலை குனிகிறார்கள். விவசாயம் என்று சொல்லப் பிள்ளை வெட்கப்படுகிற ஒரு சபை, அந்த வெட்கத்தைத் தானும் கற்பித்திருக்கிறது.

ஆகவே இவ்வாரம் மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

புதிதாக இவ்வூருக்கு வந்தவர்கள், சபையிலுள்ள ஒரு விவசாயக் குடும்பத்தின் காட்டுக்குச் சென்று ஒரு மணி நேரம் அவர்களோடு இருங்கள். ஆலோசனை எதுவும் கொண்டு போகாதீர்கள். கேள்விகளைக் கொண்டு போங்கள்.

உழவர் சந்தையில் காய் வாங்கும்போது பேரம் பேசாமல் வாங்குங்கள். உங்கள் வீட்டிலும் நிலத்திலும் வேலை செய்கிறவர்களுக்குக் கூலியை அன்றன்றே கொடுங்கள்.

வாலிபப் பிள்ளைகள், உங்கள் தகப்பனாரிடமும் தாயாரிடமும் உட்கார்ந்து அவர்கள் அறிந்த பட்டங்களையும் விதைகளையும் மண்ணின் குணங்களையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அறுப்பின் பண்டிகையில் பூசணியையும் வாழைத்தாரையும் பீடத்தண்டை படைக்கும்போது, அந்த நோட்டையும் கொண்டுவந்து வையுங்கள். அதுவும் காணிக்கையே.

ஜெபம்

வானத்தையும் பூமியையும் உண்டாக்கின பிதாவே, எங்களுக்கு அன்றாட அப்பத்தை எந்தக் கைகளின் வழியாகத் தருகிறீரோ, அந்தக் கைகளை நாங்கள் அறிந்துகொள்ளச் செய்யும். உழுகிறவருக்கு மழையையும், விளைவித்தவருக்கு நியாயமான விலையையும், அறுத்தவருக்கு முழுக் கூலியையும் கட்டளையிடும். அயலூரிலிருந்து வந்த எங்களுக்குக் கேட்கிற செவியையும் தரையில் உட்காருகிற தாழ்மையையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.